மலை அங்கேயேதான் இருக்கும்!

"நாலு மாசமா பிளான் பண்ணினதுப்பா... எல்லாம் போச்சு!"

போன நவம்பரில் ஒரு வியாழக்கிழமை ராத்திரி என் மகன் சொன்ன வார்த்தை இது. ஹாலில் அவனுடைய முதுகுப்பை ஒரு குண்டு ஆசாமி மாதிரி சுவரில் சாய்ந்து நின்றது. புது ஷூ, புது டார்ச், பேரீச்சம்பழப் பொட்டலம், கடலை மிட்டாய் எல்லாம் உள்ளே. ஆபீஸ் நண்பர்கள் ஏழு பேர். தேனிப் பக்கம் மலையில் இரண்டு நாள் நடை. மறுநாள் ராத்திரி பஸ். டி.வி.யிலோ தேனி மாவட்டத்துக்கு ஆரஞ்சு அலர்ட் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நாலு தூறல் விழும். அதுக்குப் போய் யாராவது டூரை கேன்சல் பண்ணுவாங்களா?" என்றான். பிறகு வரிசையாகக் கணக்குச் சொன்னான். வேன்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. லீவு சாங்ஷன் ஆகிவிட்டது. மறுபடி ஏழு பேருக்கும் ஒரே நாளில் லீவு கிடைக்காது. எல்லாவற்றுக்கும் மேலே, "மழைக்குப் பயந்துட்டியாடானு ஆபீஸ்ல கிண்டல் பண்ணுவாங்கப்பா..."

உங்கள் வீட்டிலும் இந்த வசனம் ஒலித்திருக்கும். ஒரு வேளை நீங்களே பேசியிருப்பீர்கள். சரிதானே?

நான் அவனைத் திட்டவில்லை. திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை! அவன் வயதில் இதே கணக்கைப் போட்டுத்தான் நானும் கிளம்பினேன். அந்தக் கதையைச் சொன்னால் இந்தக் கட்டுரையை நான் ஏன் எழுதுகிறேன் என்று உங்களுக்குப் புரிந்துவிடும்.

அன்றைக்கு நாங்கள் செய்த காரியம்

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஐந்து நண்பர்கள். கொடைக்கானலில் இருந்து வட்டக்கானல் வழியாக இறங்கி, வெள்ளகவி கிராமத்தைத் தொட்டு, கும்பக்கரை அருவிப் பக்கம் போய்ப் பெரியகுளம் சேர்வது என்று திட்டம். ஏறுவதுதான் கஷ்டம், இறங்குவதற்கு என்ன என்று நினைப்பு. காலையிலேயே மேகம் தரையில் உட்கார்ந்திருந்தது. லாட்ஜ் வாட்ச்மேன், "இன்னிக்கு வேணாம் சார்" என்றார். நாங்கள் கேட்கவில்லை. ரூமைக் காலி செய்தாகிவிட்டதே!

ஒரு மணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ரெயின்கோட் ஒருவனிடம்தான் இருந்தது. மற்ற நாலு பேரும் தொப்பலாக நனைந்தோம். எங்களில் ஒல்லியானவன் ஒருத்தன். ஜீன்ஸ், பனியன், அதன் மேல் ஒரு பருத்திச் சட்டை. முதலில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவன், பிறகு பேச்சை நிறுத்தினான். அதற்கப்புறம் தடுக்கித் தடுக்கி நடந்தான். ஏதாவது கேட்டால் குடித்தவன் மாதிரிக் குழறினான். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? சிரித்தோம். "நடிக்காதடா, வா" என்று இழுத்துக்கொண்டு நடந்தோம்.

வெள்ளகவி வந்தபோது அவன் நடுக்கம் நின்றிருந்தது. "பரவாயில்லை, சரியாயிட்டான்" என்று நாங்கள் நினைத்தோம். ஒரு பெரியவர் அவன் கையைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "சட்டையக் கழட்டுங்கடா மொதல்ல!" என்று அதட்டினார். ஈரத்துணியைக் களைந்து, கம்பளியில் சுருட்டி, வீட்டுக்குள் அடுப்புக்குச் சற்றுத் தள்ளிப் படுக்கவைத்தார்கள். அரை மணி நேரம் கழித்து அவன் மறுபடி நடுங்க ஆரம்பித்தான். "ம்... இனி பொழைச்சுக்குவான்" என்றார் பெரியவர். அவன் தெளிவாகப் பேச ஆரம்பித்த பிறகுதான் வெல்லம் போட்ட கடுங்காப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள்.

இதோடு நாங்கள் அடங்கியிருக்க வேண்டும் அல்லவா? இல்லை. "இருட்டறதுக்குள்ள கும்பக்கரைக்கு இறங்கிடலாமா தாத்தா?" என்று கேட்டோம். லீவு ஒரு நாள்தான் பாக்கி! அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "கீழ ஆத்துல தண்ணி பெருகிருச்சு தம்பி. மலை எங்கயும் போகாது. ஆறும் எங்கயும் போகாது. அவசரப்பட்டா நீங்கதான் போயிருவீங்க" என்றார்.

அன்று ராத்திரி அங்கேயே படுத்தோம். மறுநாள் மதியம் தண்ணீர் வடிந்த பிறகு, ஊர்க்காரர் ஒருவர் கூட வந்து இறக்கிவிட்டார். எங்கள் நண்பன் இன்றைக்குப் பேரன் எடுத்துவிட்டான். அந்தப் பெரியவர் அதட்டியிருக்காவிட்டால்...? நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

குளிரில் விறைக்கப் பனி தேவையில்லை

அன்று அவனுக்கு வந்தது என்ன என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. நம் உடம்பின் உள்சூடு சுமார் 37 டிகிரி செல்சியஸ். அது 35-க்குக் கீழே இறங்கினால் அதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் ஹைப்போதெர்மியா. தமிழில் உடல் வெப்பக் குறைவு என்று சொல்லலாம்.

"அதெல்லாம் இமயமலையில் வர்றது, நம்ம ஊர்ல எதுக்கு?" என்று கேட்காதீர்கள். அதற்குப் பனி பெய்ய வேண்டியதில்லை. நனைந்த துணி, கொஞ்சம் காற்று, காலி வயிறு, களைப்பு. இந்த நான்கும் சேர்ந்தால் 10, 15 டிகிரிக் குளிரிலேயே வரலாம். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தக்கூடியது. அதனால்தான் ஈரச் சட்டை உடம்பை அப்படிக் குளிரவைக்கிறது. பருத்தித் துணியும் ஜீன்ஸும் தண்ணீரைக் குடித்துவிட்டு விடவே விடாது. மேலும், உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் சராசரியாக ஆறு, ஆறரை டிகிரி வெப்பம் குறையும். பெரியகுளத்தில் வியர்க்கிறது என்பதை வைத்துக் கொடைக்கானலுக்குத் துணி எடுத்து வைக்காதீர்கள்.

அடையாளங்களை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். முதலில் நடுக்கம். பிறகு விரல் சொன்னபடி கேட்காது. சட்டைப் பித்தானைக்கூடப் போட முடியாது. நடை தடுமாறும். பேச்சு குழறும். சிடுசிடுப்பு வரும், அல்லது ஆள் ஒரேயடியாக அமைதியாகிவிடுவான். உடம்பு சூடாகாமலேயே நடுக்கம் நின்றுபோனால் அது குணமான அறிகுறி இல்லை, ஆபத்து முற்றிவிட்டது என்று அர்த்தம். நாங்கள் தப்புக் கணக்குப் போட்டது அங்கேதான்.

என்ன செய்யலாம்? காற்றும் மழையும் படாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஈரத்துணியைக் களைந்து உலர்ந்ததைப் போர்த்துங்கள். தலையையும் மூடுங்கள். கீழே எதையாவது விரித்துப் படுக்கவையுங்கள். தரைக் குளிரும் சூட்டை உறிஞ்சும். மார்பையும் வயிற்றையும்தான் முதலில் சூடாக்க வேண்டும். நினைவு தெளிவாக இருந்து, விழுங்க முடிந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். கை காலைப் பரபரவென்று தேய்க்கக் கூடாது. 108-க்குச் சொல்லி, முடிந்த அளவு சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்று. "குளிருக்கு ஒரு பெக் போட்டா சூடாயிடும்" என்று சொல்கிற அறிவாளி ஒவ்வொரு கோஷ்டியிலும் ஒருவர் இருப்பார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள். மது உள்ளே போனதும் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன. வெளியே சூடு மாதிரித் தெரியும். உண்மையில் உள்சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். கூடவே புத்தியும் மந்தமாகிவிடும்.

விட்டதைப் பிடிக்கிற வியாதி

சரி, விஷயத்துக்கு வருவோம். மோசமான வானிலை நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அது நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது, அது வந்த பிறகு நாம் எடுக்கிற முடிவு. பயணம் தள்ளிப்போனதால் மட்டும் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடுவதில்லை. தள்ளிப்போன நேரத்தை எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று ஓடும்போதுதான் விபரீதம் நடக்கிறது. இதை நான் ஒரு வியாதி என்றே சொல்வேன். செலவழித்த பணமும் போட்ட லீவும் சேர்ந்து மூளைக்குள் உட்கார்ந்துகொண்டு, கண்ணுக்கு முன்னால் இருக்கிற கறுத்த மேகத்தைப் பார்க்கவிடாமல் செய்கிற வியாதி.

2014 அக்டோபரில் நடந்ததைச் சொல்கிறேன். ஹூட்ஹூட் புயல் 12-ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கரை கடந்தது. டி.வி.யில் நாம் எல்லோரும் பார்த்தோம். அதன் மிச்சம் வடக்கே போய், இரண்டு நாள் கழித்து நேபாளத்தில் அன்னபூர்ணா மலைப் பகுதியில் கடும் பனிப்புயலாகக் கொட்டியது. அக்டோபர் அங்கே நடப்பதற்கு மிக நல்ல மாதம் என்று பெயர் பெற்றது! 5,416 மீட்டர் உயரத்தில் உள்ள தொராங் கணவாயைக் கடந்து இறங்கிவிடலாம் என்று புறப்பட்டவர்கள் பலர் பனியில் சிக்கினார்கள். அந்த வட்டாரத்தில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வங்கக் கடலில் பிறந்த ஒரு புயல் எங்கே போய்த் தாக்கியது, பார்த்தீர்களா?

2024 ஜூன் மாதம் உத்தராகண்டில் சஹஸ்திரதால் ஏரிக்கு நடந்துபோன கர்நாடகக் குழு ஒன்று மோசமான வானிலையில் மாட்டியது. 22 பேரில் 9 பேர் உயிரோடு திரும்பவில்லை. அனுபவம் உள்ளவர்களும், வழிகாட்டியோடு போனவர்களும்கூடத் தப்ப முடியாத நேரங்கள் உண்டு. அப்படி இருக்க, முதல் தடவை ஷூ கட்டுகிற நம் பிள்ளைகளுக்கு வேறு விதி கிடையாது.

இமயமலைக்குப் போகிறவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் அபாயமும் இருக்கிறது. 2,500 மீட்டருக்கு மேலே உடம்பு மெல்ல மெல்லத்தான் குறைந்த ஆக்சிஜனுக்குப் பழகும். 3,000 மீட்டருக்கு மேலே போனால், ராத்திரி தூங்குகிற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நாலு நாளுக்கு ஒரு நாள் ஓய்வும் வேண்டும் என்பது பொதுவான மருத்துவ ஆலோசனை. மழையால் இரண்டு நாள் வீணாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்புகிற ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. உடனே என்ன செய்கிறார்கள்? மூன்று நாள் ஏற வேண்டியதை ஒன்றரை நாளில் ஏறுகிறார்கள். தலைவலி, வாந்தி, தலைசுற்றல் என்று உடம்பு மணி அடிக்கிறது. "ஒரு மாத்திரையைப் போட்டுட்டு நட" என்கிறார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் அதற்கு மேல் ஒரு அடிகூட ஏறக் கூடாது. அறிகுறி அதிகமானால் உடனே கீழே இறங்க வேண்டும். மழையில் போன நாளை மலையிடம் இருந்து திரும்ப வாங்க முடியாது, சார்!

திரும்பி வந்தவர் ஜெயித்த கதை

யோரான் க்ரோப் என்று ஸ்வீடன் நாட்டுக்காரர் ஒருவர். 1995 அக்டோபரில் தன் நாட்டிலிருந்து சைக்கிளில் கிளம்பினார். ஆமாம், சைக்கிளில்! நேபாளம் வரை மிதித்து வந்து, 1996 மே மாதத் தொடக்கத்தில் தனியாக எவரெஸ்ட் ஏறினார். தொடை வரை புதைகிற பனி. உச்சிக்கு இன்னும் சுமார் நூறு மீட்டர் உயரம்தான் பாக்கி. நேரமாகிவிட்டது, மேலே போனால் இருட்டில் இறங்க வேண்டியிருக்கும் என்று பார்த்தார். திரும்பிவிட்டார்!

யோசித்துப் பாருங்கள். அரை உலகத்தை சைக்கிளில் கடந்து வந்தவர். அவர் போட்ட அட்வான்ஸுக்கு முன்னால் நம் வேன் அட்வான்ஸ் எம்மாத்திரம்?

அடுத்த வாரமே, மே 10, 11 தேதிகளில் எவரெஸ்ட்டில் பயங்கரப் புயல் அடித்தது. மதியம் இரண்டு மணிக்கு மேலும் திரும்பாமல் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தவர்கள் பலர் அதில் சிக்கினார்கள். 8 பேர் இறந்தார்கள். அவர்களில் உலகப் புகழ் பெற்ற வழிகாட்டிகளும் உண்டு. க்ரோப் காத்திருந்தார். மே 23-ஆம் தேதி, ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமலே உச்சியைத் தொட்டார்.

இதை என் மகனிடம் சொன்னேன். பதில் பேசவில்லை. ஆனால் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான்.

மழை எங்கேயோ, வெள்ளம் இங்கே!

வெகுதூரம் போக வேண்டாம். 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலம் அருவியில் ஜனங்கள் குளித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று காட்டு வெள்ளம் வந்தது. அலறி அடித்துக்கொண்டு ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். 2015 மே மாதம் சதுரகிரியிலும் திடீர் வெள்ளம் பக்தர்களின் உயிரைக் குடித்தது. நாம் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கலாம். மேலே மலையில் கொட்டுகிற மழை அரை மணியில் நம் காலடிக்கு வந்துவிடும். தெளிந்த தண்ணீர் கலங்கினாலும், இலையும் குச்சியும் மிதந்து வந்தாலும், மேலே இரைச்சல் கேட்டாலும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். மேட்டுக்கு ஓடுங்கள். முழங்காலுக்குக் கீழே ஓடுகிற தண்ணீரே ஒரு ஆளைத் தள்ளிவிடும்.

வானிலைத் துறை சொல்கிற நிறங்களை நாம் சினிமா போஸ்டர் மாதிரிப் பார்த்துவிட்டுப் போகிறோம். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் பெய்தால் கனமழை. 115.6-லிருந்து மிகக் கனமழை. 204.5-லிருந்து அதிகனமழை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டே இரு. ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் உடனே செயல்படு. இது சமவெளியில் உள்ளவர்களுக்கும் சேர்த்துச் சொல்வது. மலைக்குப் போகிறவர் என்ன செய்யலாம்? என் அபிப்பிராயம் இது: மஞ்சள் என்றால் வழிகாட்டியிடமும் வனத்துறையிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆரஞ்சு என்றால் பேச்சே வேண்டாம், தேதியை மாற்றுங்கள்.

வானிலை என்றால் மழை மட்டும் இல்லை. காய்ந்த மாதங்களில் காடு வேறு விதமாக மிரட்டும். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட இளம் உயிர்கள் போனதை நாம் மறக்கக் கூடாது. வனத்துறை 'இப்போது அனுமதி இல்லை' என்று சொன்னால், அதைக் கெடுபிடியாக நினைத்துக் குறுக்கு வழி தேடாதீர்கள். காட்டுப் பாதையில் அனுமதி இல்லாமல் கால் வைக்கவே கூடாது.

அப்படியானால் வீட்டிலேயே உட்காரணுமா?

"இப்படிப் பயமுறுத்தினால் யாருமே வெளியே போக மாட்டாங்களே?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. பிள்ளைகள் மலைக்குப் போகட்டும். தாராளமாகப் போகட்டும். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிற இந்தக் காலத்தில், முதுகில் பையோடு நாலு மைல் ஏறி இறங்குவது உடம்புக்கும் மனசுக்கும் நல்லது. தமிழ்நாடு அரசே 2024-ல் 40 மலைப் பாதைகளை நடைப் பயணத்துக்காகத் திறந்துவிட்டிருக்கிறது. போகும்போது சில விஷயங்களை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போகட்டும்.

திரும்புகிற நேரத்தைக் கிளம்புவதற்கு முன்பே எழுதிவையுங்கள். 'எங்கே இருந்தாலும் இரண்டு மணிக்குத் திரும்புவோம்' என்று. மலை மேலே நின்று முடிவு செய்யப் போனால் ஆசைதான் ஜெயிக்கும்.

கூட்டத்தில் ஒருவர் 'முடியலை' என்றால், எல்லோருக்கும் முடியலை. பலவீனமான ஆளின் வேகம்தான் குழுவின் வேகம்.

மாற்று உடுப்பு ஒன்றை பிளாஸ்டிக் பையில் கட்டி, மழையே பெய்தாலும் நனையாமல் வையுங்கள். அதை நடக்கும்போது போடக் கூடாது, தங்குகிற இடத்துக்குத்தான்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று தினம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் திரும்புகிற நாளைத் தாண்டி இன்னும் இரண்டு நாளுக்கு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். சாலை அடைபட்டால் மருந்துக் கடை மலைக்கு வராது.

பணம் கட்டும்போதே, 'வானிலை காரணமாக மூடினால் தேதி மாற்றித் தருவீர்களா?' என்று கேட்டு எழுதி வாங்குங்கள். முக்கால்வாசிப் பேர் மழையில் கிளம்புவது பணம் போய்விடுமே என்ற பயத்தில்தான்.

இடி கேட்டால் தனி மரத்தடியிலும் மொட்டைப் பாறை மேலும் நிற்காதீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்துவிட்டால் ஆபத்து பக்கத்தில் இருக்கிறது.

வீடு திரும்பி இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், "மலைக்குப் போயிருந்தேன், சேற்றிலும் தண்ணீரிலும் நடந்தேன்" என்று டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலும், சின்ன உண்ணிப் பூச்சி கடித்து வருகிற ஸ்க்ரப் டைபஸும் சாதாரணக் காய்ச்சல் மாதிரித்தான் ஆரம்பிக்கும். அந்த ஒரு வாக்கியம் டாக்டருக்குப் பெரிய உதவி.

தள்ளிப்போன நாட்களும் வீண் இல்லை. புது ஷூவைப் பழக்குங்கள். பையில் அரிசி மூட்டை ஒன்றை வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குங்கள். நாற்பது தாண்டியவர்கள் ஒரு தடவை டாக்டரிடம் இதயத்தைக் காட்டிவிடுங்கள். 2024-ல் வெள்ளியங்கிரி ஏறும்போது மாரடைப்பாலும் மூச்சுத்திணறலாலும் சிலர் இறந்த செய்திகளைப் படித்தோமே!

தேதி குறிக்காத பயணம்

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாமல் முடித்தால் என் மனைவி என்னை மன்னிக்க மாட்டாள்.

அன்று ராத்திரி மாடியிலிருந்து இறங்கி வந்த மகன், "ஜனவரிக்கு மாத்திட்டோம்ப்பா. ஏழு பேரும் ஓகே சொல்லிட்டாங்க" என்றான். நான் பெருமையாகத் தலையாட்டினேன். "மலை அங்கேயேதான்டா இருக்கும்" என்றேன்.

சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது. "மலை இருக்கும். முழங்கால் இருக்குமா?"

எனக்குச் சுருக்கென்றது. கொல்லிமலைக்குப் போய், ஆயிரம் படிக்கு மேல் இறங்கி ஆகாச கங்கை அருவியைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டுப் பதினைந்து வருஷம் இருக்கும். ஒரு வருஷம் மகனுக்குப் பரீட்சை. ஒரு வருஷம் என் அம்மாவுக்கு ஆபரேஷன். அப்புறம் வீடு கட்டினோம். அப்புறம் கொரோனா. ஒவ்வொரு தடவையும் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றேன். எந்தத் தடவையும் புதுத் தேதி சொல்லவில்லை. இப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு. படி இறங்கும்போது வலது முழங்காலைப் பிடித்துக்கொள்கிறாள்.

ஒத்திப்போடுவது வேறு, ஓரங்கட்டுவது வேறு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மழைக்காக மாற்றுகிற பயணத்துக்குப் புதுத் தேதி உண்டு. வீட்டில் உள்ள பெண்களின் பயணத்துக்கு மட்டும் எப்படியோ தேதியே கிடைப்பதில்லை. உங்கள் வீட்டிலும் யாருடைய ஆசை அப்படிப் பரணில் கிடக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டி வந்தால் வையுங்கள். ஆனால் தள்ளிவைத்த அன்றைக்கே காலண்டரில் அடுத்த நாளைக் குறித்துவிடுங்கள். குறிக்காவிட்டால் அது கேன்சல்தான்.

மகன் சொன்னபடி பொங்கல் கழித்துப் போனான். நல்ல வெயில். இரண்டு நாள் நடந்துவிட்டுக் கால் கொப்புளத்தோடும் வாய் நிறையச் சிரிப்போடும் திரும்பி வந்தான். நவம்பரில் போயிருந்தால் ஒன்றும் ஆகாமல் திரும்பியிருக்கவும் கூடும். இருக்கட்டுமே! அதைச் சோதித்துப் பார்க்க என் பிள்ளையை அனுப்ப நான் தயாராக இல்லை.

எங்கள் காலண்டரிலும் வருகிற ஜனவரியில் ஒரு சனிக்கிழமையைச் சிவப்பு மையில் சுழித்து வைத்திருக்கிறோம். முழங்காலை டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. தொடைத் தசைக்கு அவர் சொல்லிக்கொடுத்த பயிற்சியை என் மனைவி தினமும் செய்கிறாள். சாயங்காலம் நானும் கூடவே நடக்கிறேன். அன்றைக்கு மழை பெய்தால்?

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமையையும் பென்சிலில் சுழித்து வைத்திருக்கிறாள்!